முப்பத்துமூன்று பேருக்காகப் பயந்தவர்

கார் ஓட்டப் பழக்குபவர்களின் காரில் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிறேக் இருக்கும். பழகுபவர் பிழை விட்டால் பிடிப்பதற்காக. எனக்குப் பழக்கியவர் அதன்மேலிருந்து காலை எடுத்ததே இல்லை. தூரத்தில் சிவப்பு லைட் தெரிந்தால், என் கால் பிறேக்குக்குப் போகுமுன்பே கார் தானாக வேகம் குறையும். முதல் மூன்று வகுப்புகளில், நான்தான் அவ்வளவு அழகாக நிறுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரான்ஸில் பல வருடங்கள் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவள் நான். அங்கே மெட்ரோவிலேயே காலம் போய்விட்டது. இங்கே மனோர் பார்க்கில் வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. லைசென்ஸ் எடுத்தால் வேலையை நிரந்தரமாக்கலாம் என்றார்கள். இரண்டு தடவை சோதனைக்குப் போய் இரண்டு தடவையும் தவறினேன். அதற்குப் பிறகுதான் கூட வேலை செய்யும் ஒரு அக்கா அவருடைய நம்பரைத் தந்தார். "பயந்த மனிசன். ஆனா அவரிட்டைப் பழகின ஒருத்தரும் இதுவரைக்கும் அடிபடேல்லை" என்றார்.

அறுபது வயது இருக்கும். மெலிந்த ஆள். ஆடி மாத வெயிலிலும் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணை என்பேன். கார் சாவியைத் தருமுன் ஒவ்வொரு நாளும் மூன்று கேள்விகள் கேட்பார்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம் அண்ணை."

"நித்திரை கொண்டனீரோ?"

"ஓம்."

"வீட்டிலை சண்டை ஒண்டும் இல்லைத்தானே?"

ஒருநாள் மூன்றாவது கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டேன். அன்று முழுவதும் என்னை நெரிசலான றொம்ஃபோர்ட் றோட்டுப் பக்கமே விடவில்லை. முருகன் கோயிலுக்குப் பின்னாலிருந்த சின்னத் தெருக்களையே ஒரு மணித்தியாலம் சுற்றினோம்.

அவர் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு. ஒரு கிளைத்தெருவின் வாயில் வந்ததும், அங்கே யாருமே இல்லாவிட்டாலும், மெல்லச் சொல்லுவார்: "அவன் வருவான்."

"ஆர் அண்ணை?"

"எனக்கென்ன தெரியும்? வருவான். வரமாட்டான் எண்டு நினைச்சுக் காரை எடுக்காதையும்."

அவருடைய மனைவியை ஒரே ஒரு தடவை சந்தித்தேன். வகுப்பு முடிந்து அவர்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். கணவருடைய பயத்தைப்பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "இவர் ரோட்டிலை மட்டுமெண்டால் பரவாயில்லை பிள்ளை. இஞ்சை இருந்துகொண்டு அமெரிக்காவுக்கும் பிறேக் பிடிக்கப் பாக்கிறார்."

அமெரிக்கா என்றது அவர்களுடைய ஒரே மகனைத்தான். லண்டனில் பிறந்து வளர்ந்த பையன். பல்கலைக்கழகத்தில் கூடப் படித்த அமெரிக்கப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளுடைய ஊருக்கே போய்விட்டான். பெரிய காற்றாடிகளைத் திருத்தும் வேலை. மின்சாரம் எடுப்பதற்காக வயல்களுக்கு நடுவே பனையைவிடப் பலமடங்கு உயரத்தில் நிற்கிற காற்றாடிகள். அவற்றின் உச்சிக்கு ஏறவேண்டும். அதுவே ஒரு தகப்பனுக்குப் போதுமான பயம். ஆனால் அவரை அதைவிடப் பயப்படுத்தியது அந்த ஊர்.

ஊரில் முப்பத்துமூன்று பேர். மகனையும் மருமகளையும் சேர்த்து.

முதல் தடவை அவர் இதைச் சொன்னபோது, முப்பத்துமூவாயிரம் என்று எனக்குக் கேட்டது. திருத்தினார். "முப்பத்துமூண்டு தங்கச்சி. நாங்கள் ஏறுற எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸிலை காலமையிலை அதைவிடக் கூடச் சனம்."

காரின் டாஷ்போர்ட் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஊரின் வரலாற்றை எழுதி அச்சடித்தது. பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். மகன் அனுப்பியிருந்தான். மகன் எங்கே இருக்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்று அதை வாசிக்கத் தொடங்கியவர், வாசிக்க வாசிக்கப் பயம் கூடிப்போய் நின்றார்.

லைட்டில் நிற்கும்போதும் மழைக்கு ஒதுங்கி நிறுத்தும்போதும் அந்த ஊரின் கதையைச் சொல்லுவார். நீராவி ரயிலுக்குத் தண்ணீர் நிரப்புவதற்கென்று வெட்டவெளியில் ஒரு தொட்டி கட்டினார்கள். தொட்டியைப் பார்க்க ஒருவன் குடும்பத்தோடு வந்தான். அவனுக்குச் சாமான் விற்க ஒருவன் கடை போட்டான். பிறகு வங்கி, ஹோட்டல், பள்ளிக்கூடம், இரண்டு தேவாலயங்கள், சனிக்கிழமைகளில் வாத்தியம் வாசிக்க ஒரு கோஷ்டி. ஒரு தடவை கடைத்தெரு முழுக்க எரிந்தது. உடனே செங்கல்லில் திருப்பிக் கட்டினார்கள். அந்தக் காலத்தில் ஊரில் நானூறு பேருக்கு மேல்.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு ஒண்டும் நடக்கேல்லை."

அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நானூறு பேர் முந்நூறு ஆனார்கள், முந்நூறு நூற்றைம்பது ஆனது, பிறகு எண்பது. புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தக் காலத்துச் சனத்தொகை போட்டிருந்தது. பக்கம் புரட்டப் புரட்டக் குறைந்துகொண்டே போனது. ரயில் நின்றது, பள்ளிக்கூடம் மூடியது என்று நடுவில் ஓரிரு வரிகள் இருந்தன. அவை அவருக்குப் போதவில்லை.

"எங்கட ஊரிலை சனம் ஒரு பின்னேரத்துக்குள்ளை எழும்பிப் போச்சுது. அது எனக்கு விளங்கும். ஷெல் விழுந்தது, போனம்" என்றார். "இவங்கட ஊரிலை ஷெல் விழேல்லை. ஆமி வரேல்லை. ஆரும் எழும்பு எண்டு சொல்லேல்லை. பிறகேன் தங்கச்சி சனம் போனது?"

"வேலை தேடிப் போயிருப்பினம் அண்ணை."

"நானூறு பேருமோ?" என்று என்னைப் பார்த்தார். "ஏதோ நடந்திருக்கு. எழுதாமல் விட்டிட்டாங்கள்."

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. இப்போதுள்ள ஊர்ச்சனம் முழுவதும் தேவாலயத்தின் முன்னால் நின்று எடுத்தது. அவர் மகனிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு முகத்தையும் அறிந்து வைத்திருந்தார். இவருக்கு இருதய வருத்தம். இவவுக்குக் கண் தெரியாது. இந்த மனிசன் மனைவி செத்தபிறகு நாயோடு தனிய இருக்கிறார், ஆரோடையும் கதைக்கமாட்டார். இந்த அம்மாதான் ஊருக்குக் கிளார்க், ஊர்க் கணக்குவழக்கெல்லாம் அவதான். எழுபத்துநாலு வயது. தபால்கந்தோரும் அவவின் வீட்டு முன்னறைதான். "அரைவாசிப் பேருக்கு மேலை அறுபது தாண்டின ஆக்கள்" என்றார். "ஒரு குளிர்காலம் காணும் இவையளைக் கொண்டுபோக." யாருக்கோ தடிமன், இருமல் பிடித்தது என்று மகன் சொன்னால் அவர் இங்கே இரண்டு நாள் முகம் வாடித் திரிவார். முதலில் மகனுக்காகத் தொடங்கிய பயம், எப்போது என்று தெரியாமல், முப்பத்துமூன்று பேருக்குமாகப் பரவியிருந்தது.

ஒரு வைகாசி மாதம், பின்னேரம் ஏழு மணி வகுப்பு. வன்ஸ்டெட் புல்வெளி ஓரமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் நல்ல வெயில். பையன்கள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். டாஷ்போர்ட்டில் செருகியிருந்த அவருடைய போன் ஒருநாளும் கேட்காத ஒரு சத்தம் போட்டது. இழுத்து இழுத்து ஊளையிடுவது போன்ற சத்தம். அந்த அமெரிக்க மாவட்டத்தின் காலநிலை எச்சரிக்கை வருவதற்காக அவராகவே ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

"நிப்பாட்டும்" என்றார். நான் நிறுத்துமுன் கார் நின்றுவிட்டது.

சுழல்காற்று. அந்த ஊரிருக்கும் திசையை நோக்கி வருகிறது, உடனே நிலக்கீழ் அறைக்குள் போகவும் என்று திரையில் இருந்தது. அங்கே நடுமத்தியானம். மகனுக்குப் போன் எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மருமகளுக்கு எடுத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதாக டாஷ்போர்ட் பெட்டியைத் திறந்து புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த நம்பரை அழுத்தினார். கிளார்க் அம்மாவின் நம்பர். அவர் அதுவரை அந்த அம்மாவோடு பேசியதே இல்லை.

கார் ஸ்பீக்கரில் குரல் வந்தது. பின்னால் ஆட்கள் பேசும் சத்தம், ஒரு குழந்தை அழும் சத்தம். அவர் தான் யாரென்று ஆங்கிலத்தில் சொன்னார். சொல் தடுமாறியது.

அந்த அம்மா பதறவில்லை. எல்லோரும் தேவாலயத்துக்குக் கீழே இருக்கிறோம் என்றார். உங்கள் மருமகள் எனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறாள். நான் எண்ணிவிட்டேன். முப்பத்தொரு பேர்.

"முப்பத்துமூன்று பேரல்லவா?" என்று கேட்டார் அவர்.

நாயோடு தனியாக இருக்கிறவர் வரமாட்டேன் என்று வீட்டிலேயே நிற்கிறார், அவரைக் கூட்டிவர உங்கள் மகன் போயிருக்கிறான் என்றார் அந்த அம்மா.

"தயவுசெய்து கதவைப் பூட்டிவிடாதீர்கள்."

நான் கதவடியில்தான் நிற்கிறேன் என்று குரல் வந்தது. அதோடு இணைப்பு அறுந்தது.

திருப்பி எடுத்தார். போகவில்லை. இன்னொரு தடவையும் போகவில்லை. வீட்டுக்கு எடுத்து அவருடைய மனைவிக்குச் சொல்லுவோமா என்று கேட்டேன். "வேண்டாம். ரெண்டு பேரும் பயந்து என்ன காணப்போறம்?" என்றார். பிறகு சொன்னார்: "ஓட்டும் தங்கச்சி. சும்மா இருக்க ஏலாது."

ஓட்டினேன். எந்தப் பக்கம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. புல்வெளியைச் சுற்றிப் போகும் தெருவில் திரும்பினேன். முன்னால் ஒரு வட்டச்சந்தி வந்தது. கார் தானாக வேகம் குறையும் என்று காத்திருந்தேன். குறையவில்லை. குனிந்து பார்த்தேன். அவர் கால்கள் இரண்டையும் இழுத்து இருக்கையின் அடியில் வைத்திருந்தார்.

இவ்வளவு நாளும் நான் தனியாக ஓட்டியதேயில்லை என்பது அந்த இடத்தில்தான் தெரிந்தது. பிறேக்கைப் பிடித்தேன். வலப்பக்கம் பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். வேலை முடிந்து வரும் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். அவனைப் போகவிட்டேன். பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவர் எதையும் காணவில்லை. போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு சுற்று வந்தேன், மூன்று சுற்று வந்தேன். ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகவும் அவருக்காகவும் சேர்த்துப் பார்த்தேன். இன்றுவரைக்கும் அப்படிக் கவனமாக நான் கார் ஓட்டியதில்லை.

நாலாவது சுற்றில் போன் அடித்தது. தெருவோரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன்.

"அப்பா, ஐ ஆம் ஓகே. அப்பா, கேக்குதா? எல்லாரும் ஓகே."

மகனுக்கு மூச்சு வாங்கியது. காற்று ஊரின் விளிம்பால் போய்விட்டதாம். பழைய வங்கிக் கட்டிடம் விழுந்துவிட்டதாம். சில வீடுகளின் கூரை போய்விட்டதாம். அந்தக் கிழவரையும் நாயையும் கூட்டிக்கொண்டு கடைசிப் படியில் இறங்கும்போதுதான் சத்தம் தலைக்குமேல் போனதாம்.

அவர் அழுவார் என்று நினைத்தேன். கத்தினார். "உனக்கேனடா அந்த வேலை? அந்தாள் வரமாட்டன் எண்டால் விட்டிட்டு வாறதுதானே!"

மகன், லண்டன் பிள்ளைகளுக்குரிய அந்தத் திக்கும் தமிழில், "அப்பா, தேர்ட்டி த்ரீ பீப்பிள் தானே இருக்கிறம். ஒராளை எப்பிடி விடுறது?" என்றான்.

போனை வைத்தபிறகு முகத்தைக் கம்பளிச் சட்டையின் கையால் துடைத்தார். "நல்லா ஓட்டினீரோ?" என்று கேட்டார். "ஓட்டினன் அண்ணை" என்றேன். "நான் பாக்கேல்லை" என்றார், குற்றம் செய்தவர் போல.

என்னுடைய மூன்றாவது சோதனை நாலு மாதத்துக்குப் பிறகு வந்தது. அதற்கு முதல்நாள் கடைசி வகுப்பு. அவர் காருக்குள் இருந்தார், ஆனால் மூன்று கேள்வியையும் கேட்கவில்லை. நானே சாவியைப் போட்டேன்.

"மகனாக்கள் ஊரை விட்டுப் போகப்போகினமாம்" என்றார். "மருமகள் பிள்ளைத்தாச்சி. ஆஸ்பத்திரி ஒரு மணித்தியால ஓட்டமாம். பள்ளிக்கூடமும் இல்லை. ஆஸ்பத்திரி இருக்கிற ரவுணிலை வீடு எடுத்திருக்கினம்."

நான் சந்தோஷப்பட்டேன். "நல்லதுதானே அண்ணை! இதைத்தானே நீங்களும் விரும்பினது?"

"ஓம்" என்றார். "எனக்கு நல்லதுதான்."

தெருவில் ஒரு பஸ் போனது. அவர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பிடித்தான் போயிருக்கினம் தங்கச்சி. நான் என்னென்னவோ நினைச்சன். ஒண்டும் எழுதாமல் விடேல்லை. ஒருத்தருக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, போவினம். ஒருத்தருக்கு வருத்தம், போவினம். எல்லாம் நியாயமான காரணம். ஒருத்தரையும் பிழை சொல்ல ஏலாது." என் பக்கம் திரும்பினார். "நான் நேற்று அவனிட்டைக் கேட்டன், நீயும் போனால் அந்தக் கிழவனை ஆர் போய்க் கூட்டிக்கொண்டு வாறது எண்டு. அவன் அழுதிட்டான்."

அந்த ஊரை விட்டு வேறிடம் போ என்று இரண்டு வருடமாகக் கெஞ்சிய மனிதர், மகன் போகிறேன் என்றபோது அப்படிக் கேட்டிருக்கிறார். கேட்டதற்காக அன்றிரவு முழுவதும் நித்திரையில்லாமல் இருந்திருக்கிறார்.

"அந்தக் கிளார்க் அம்மாவிட்டை ஒரு சொல் சொல்லவேணும்" என்றார். "பெரிய மனிசி. கதவடியிலை நிண்டவ." நேரத்தைப் பார்த்தார். அங்கே காலை பத்து மணி. போனை எடுத்தார். ஸ்பீக்கரில் மணி நாலைந்து தடவை போனது. அந்த அம்மா எடுத்தபோது வெளியில் நிற்கிறார் என்று தெரிந்தது. காற்றுச் சத்தமும் சுத்தியலால் அடிக்கும் சத்தமும் கேட்டன.

"மேடம், ஐ ஆம் சொறி" என்று தொடங்கினார் அவர்.

அந்த அம்மா பயந்துவிட்டார். என்ன நடந்தது, யாருக்கு என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை, என் மகன் உங்கள் ஊரை விட்டுப் போகிறான், அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று இவர் சொன்னார்.

அந்த அம்மா சொன்னார்: தெரியும். வந்து சொன்னான். என்னுடைய மூன்று பிள்ளைகளும் போனவர்கள்தான். அவர்களுக்காக ஒருவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. உங்கள் மகன் போகுமுன் என் கூரையைச் சரிசெய்து தந்துவிட்டுத்தான் போவேன் என்கிறான். இன்னும் மூன்று கிழமை வேலை இருக்கிறது. இதோ மேலே நிற்கிறான்.

"மேலே?" என்றார் அவர். "இப்போதா?"

ஆமாம், அதுதான் நீங்கள் கேட்கும் சத்தம்.

"ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?"

நான்தான், என்றார் அந்த அம்மா.

அவர் இருக்கையில் நிமிர்ந்தார். அந்த அம்மாவின் ஒரு கையில் போன் இருப்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். ஆங்கிலம் எல்லாம் பறந்துபோனது.

"ரெண்டு கையாலையும் பிடியுங்கோ!" என்று தமிழில் கத்தினார். "போனை வையுங்கோ அம்மா, ரெண்டு கையாலையும் பிடியுங்கோ!"

என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது ஸ்பீக்கர். அவர் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. சட்டென்று தானே இணைப்பைத் துண்டித்தார்.

நான் எஞ்சினை அணைத்தேன். அந்த அம்மா திருப்பி எடுத்துவிடக்கூடாதே, போனைத் தொடக்கூடாதே என்று அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் நானும் அதையே பார்க்கத் தொடங்கினேன். வகுப்பு நேரம் முடியும்வரைக்கும் அது அடிக்கவில்லை.